மாடியில் வைத்த வெள்ளைத் தட்டு

என் கட்டெறும்பே,

நீ இருக்கிற இடத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க வேண்டும், முதலில் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். என்னைக் கேட்டால், நலம் என்று எழுதக் கை வரவில்லை, நலமில்லை என்று எழுதி உன்னைக் கலங்கடிக்கவும் மனசில்லை. எழுந்து நடமாடுகிறேன், துணி துவைக்கிறேன், மாடி ஏறி இறங்குகிறேன், பத்தாவது படியில் மட்டும் முழங்கால் ஒரு தடவை என்னைத் திட்டுகிறது. போன் இருக்கும்போது இவள் ஏன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு இடத்தில் கடிக்கிறாய், உனக்கு அந்தப் பேர் சும்மாவா வைத்தோம். தாளைக் கடிக்க முடியாது, கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பத்தாவது படிச் சமாச்சாரத்தைப் போன மாதம் உன்னிடம் மட்டும்தான் போனில் சொன்னேன். மறுநாள் காலை பல்செட்டு வாசலில் வந்து நிற்கிறார். அதுதான், மின்நிலையத்திலிருந்து வீடு வீடாகக் குறை கேட்க வருகிற அதிகாரி, எப்போதும் முப்பத்திரண்டையும் காட்டிக்கொண்டே பேசுவாரே, அவர். வந்ததும் வராததுமாக, "என்னம்மா, முழங்கால் எப்படி இருக்கு, படி ஏற முடியலையாமே" என்கிறார். இது அவருக்கு எப்படித் தெரிந்தது? போனில்தான் யாராவது காது வைத்திருக்கிறார்களோ, இல்லை கீழ் வீட்டில் இஸ்திரி போடுகிறவள் ஜன்னலோரம் நின்று கேட்டுச் சொன்னாளோ, யார் கண்டது. அதனால் இதைத் தெருமுனைப் பெட்டியில் போடப் போவதில்லை, பஸ் ஏறிப் பெரிய தபால் நிலையத்துக்கே போய் என் கையால் உள்ளே தள்ளிவிட்டு வருவேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், ஐந்தாவதோடு நின்றவளுக்கு இவ்வளவுதான் வரும்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் நீ என்னை ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, உண்மையைச் சொல்லு, அவங்க சொல்லித்தானே அந்தத் தட்டைத் துடைச்ச? அந்தத் தண்ணித் தொட்டியை வாங்கிக்கிட்டதுக்கா?" என்று. நான் போனை வைத்துவிட்டேன். பிறகு நீ ஒன்பது தடவை கூப்பிட்டாய், எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், எடுக்கவில்லை. கோபம் இல்லை என்று சொன்னால் பொய். உங்கப்பா போய் எட்டு மாதம்தான் ஆகிறது, அவர் மூச்சுக்குத் தவித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என்னையா, ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்காக அந்த மின்நிலையத்துக்குத் துணை போனவள் என்கிறாய். தொட்டி தெரு முழுக்கத்தான் கொடுத்தார்கள், வேண்டாம் என்று சொன்ன வீடு ஒன்று இல்லை, நானும் வாங்கினேன். அதன் மூடி சரியாகப் பொருந்தவே இல்லை என்பது வேறு கதை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உனக்குப் பாதி தெரிந்ததுதான், இருந்தாலும் என் வாயிலிருந்து வரிசையாகக் கேள், கேட்ட பிறகு என்னைச் சந்தேகப்படுவதென்றால் படு.

புகையை எதிர்த்துப் போராடுகிற உன் ஆபீஸிலிருந்து நீங்கள் அனுப்பிய பெட்டியை, உங்களுக்காகப் படம் பிடிக்கிற கேமராக்காரர்தான் கொண்டுவந்து கொடுத்தார். ஏழு வெள்ளைத் தட்டு, பீங்கான் மாதிரி வழவழவென்று, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஆறு மாடியில் ஆறு, உடைந்தால் வைக்க ஒன்று கூடுதல், அது பெட்டியோடு என்னிடமே. மழை இல்லாத முப்பது நாள் வெயிலிலும் காற்றிலும் கிடக்கட்டும், அதில் விழுகிற தூசியை வழித்து எடுத்து நிறுத்துப் பார்ப்போம், எது எங்கிருந்து வருகிறது என்று அதுவே சொல்லும் என்றார். புகைபோக்கிக்கு மிகக் கிட்டத்தில் இருப்பது நம் மாடி. மூன்றாவது புகைபோக்கி கட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள், அதைத் தடுக்க இந்தக் கணக்குத்தான் ஆதாரம் என்று நீயே போனில் சொன்னாய். கூடவே ஒரு தாள் இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். தண்ணீர் படக் கூடாது, இடம் மாற்றக் கூடாது, கவிழ்க்கக் கூடாது. மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டேன். அந்தக் கேமராக்காரர் என்னை மாடியில் நிற்க வைத்து, உங்கப்பா படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு புகைபோக்கியைப் பார்க்கச் சொன்னார், பார்த்தேன். பிறகு, "கொஞ்சம் இருமுங்கம்மா" என்றார். எனக்கு இருமல் இல்லை தம்பி என்றேன். "பரவாயில்ல, சும்மா ஒரு தடவை" என்றார். அன்றைக்கே உன் ஆட்கள் மேலும் எனக்குச் சந்தேகம் விழுந்தது. இல்லாத இருமலைக் கேட்கிறவர்கள் நாளைக்கு வேறு என்ன கேட்பார்களோ என்று நினைத்தேன், நினைத்தபடியே ஆயிற்று, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் காலையில் மாடிக்குப் போனால் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும், நீ தவழ்ந்தது அந்த மாடியில்தான். நான் துவைக்க வாங்குகிற ஆஸ்பத்திரி விரிப்பும் லாட்ஜ் விரிப்பும் வெள்ளை. ஈர வெள்ளையைக் கொடியில் போடுவதற்கு முன்னால் கொடியைத் துடைக்க வேண்டும், துடைக்காமல் போட்டால் விரிப்பின் நடுவில் கருப்புக் கோடு விழும், அப்புறம் மறுபடி துவையல். அதனால் இருபத்திரண்டு வருஷமாகக் காலையில் முதல் வேலை கொடி துடைப்பது, கிளிப் துடைப்பது, கைப்பிடிச் சுவர் துடைப்பது. பழந்துணி கையில் இருக்கும், மனசு வேறு எங்கோ இருக்கும், கை அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அந்த வழியில் ஒரு வெள்ளைத் தட்டும் இருந்தது. தண்ணீர் படக் கூடாது என்றார்களே என்று அதற்கு மட்டும் தனியாகக் காய்ந்த துணி வைத்தேன். இடம் மாறாமல் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சுற்றிவரத் துடைத்தேன். முப்பது நாளும். ஒரு நாளாவது இது தூசி பிடிக்க வைத்த தட்டாயிற்றே என்று என் மண்டையில் உறைக்கவில்லை. வெள்ளையாக ஒன்று அழுக்கோடு கிடப்பதை என் கை பொறுக்காது, அவ்வளவுதான். சொல்லிக் கொடுத்துச் செய்தேனா என்று கேட்டாயே, சொல்லிக் கொடுத்தது அந்தக் கொடிதான்.

புகைபோக்கி அனுமதிக்காக ஊராரைக் கூப்பிட்டு நடத்திய போன மாதக் கூட்டத்தில் கணக்கை வாசித்தார்கள். பள்ளிக்கூட மாடி இவ்வளவு, தையல்காரர் மாடி இவ்வளவு என்று வரிசையாக வந்து, நம் வீடு என்று சொன்னபோது ஆறிலும் அதுதான் குறைச்சல், கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, எழுதவே வெட்கமாக இருக்கிறது, பெருமையாக இருந்தது. தெருவிலேயே நம் தட்டுதான் சுத்தம் என்று பக்கத்தில் இருந்த இஸ்திரிக்காரியைத் திரும்பிப் பார்த்துக்கூடச் சிரித்தேன். பல்செட்டு எழுந்தார். "சிம்னிக்கு நேர் கீழ இருக்கிற வீட்லயே தூசி இல்லைன்னா, நீங்க சிம்னி மேல எப்படிப் பழி போடுறீங்க? தூசி ரோட்லேருந்து வருது, உங்க அடுப்புலேருந்து வருது" என்றார். கை தட்டினார்கள் பாரு, மண்டபமே அதிர்ந்தது. உன் ஆட்கள் முகம் செத்துப் போயிற்று. வீட்டுக்கு வரும் வழியில்தான், தபால் பெட்டிக்குப் பக்கத்தில் வரும்போது, என் வலது கை தானாக அசைந்தது, துடைக்கிற மாதிரி. அப்படியே நின்றுவிட்டேன். இஸ்திரிக்காரி, "என்னக்கா, ஏதாவது மறந்துட்டியா" என்றாள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள், அன்றிலிருந்து அவளிடம் எச்சரிக்கையாகத்தான் இருக்கிறேன். அன்று ராத்திரி போனில் உன்னிடம் மட்டும், தட்டைத் தினமும் துடைத்துவிட்டேன் என்று சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து பல்செட்டு தட்டச்சு செய்த தாளோடு வந்தார். முப்பது நாளும் தட்டு என் மாடியில் வைத்த இடத்திலேயே இருந்தது, வெளியாள் யாரும் அதைத் தொடவில்லை, இவ்வளவுதான் அதில் இருந்தது. கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு. வருகிற புதன்கிழமைக் கூட்டத்தில் கடைசி முடிவாம், அதற்கு முன்னால் வேண்டுமாம். நான் வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். "வாசிக்க என்ன இருக்கு, உள்ளதைத்தானே போட்டிருக்கு. வெளியாள் வந்தாங்களா? வரல. நீங்க வெளியாளா? இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். நீங்க வெளியாளா என்று எதற்குக் கேட்டார், சொல். அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. மின்நிலையத்துக் கோபுரத்திலிருந்து பார்த்தால் நம் மாடி உள்ளங்கை மாதிரி தெரியுமாம், உன் சித்தப்பா சொல்லியிருக்கிறார். முப்பது நாளும் யாரோ ஒருவர் மேலே நின்று நான் துடைப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்திருப்பாரோ என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. போகும்போது இன்னொன்றும் சொன்னார், "யாராவது தட்டைத் தொட்டதாத் தெரிஞ்சா ஆறு தட்டுக் கணக்கும் செல்லாதும்மா, உங்க பொண்ணோட ஆளுங்க தலை குனியணும், பாவம்" என்று. அந்தப் பாவத்தில்தான் எனக்கு எரிந்தது.

அவர் போன மறுநாள் உன் ஆபீஸ் மேலாளர் போன் செய்தார். குரல் தேனாக இருந்தது. "அம்மா, நீங்க துடைச்சதா நினைச்சுக்கிறீங்க, வயசாயிடுச்சு இல்ல, மறதி இருக்கும். நல்லா யோசிங்க, வெளியாள் யாராவது மாடிக்கு வந்திருப்பாங்க. பிளான்ட் ஆளுங்க?" என்றார். வரவில்லை என்றேன். "தொட்டி வைக்க வந்தாங்க இல்ல?" என்றார். அது தட்டு வைப்பதற்கு நாலு மாதம் முன்னால் என்றேன். "தேதி எல்லாம் யாரும் கேட்கப் போறதில்லம்மா" என்றார். பார்த்தாயா, நான் சொன்னேனே, இருமச் சொன்னவர்கள் இங்கேதான் வந்து நிற்பார்கள் என்று. அவர்களுக்கு வெளியாள் வரவில்லை என்று வேண்டும், உங்களுக்கு வந்தார் என்று வேண்டும். ஆக மொத்தம் இரண்டு பேருக்கும் வெளியாள்தான் வேண்டியிருக்கிறது, உள்ளே இருந்தவள் யாருக்கும் வேண்டாம். அவர் பேசியது உனக்குத் தெரிந்து பேசினாரா, தெரியாமல் பேசினாரா, இதை நான் உன்னிடம் கேட்கப் போவதில்லை. கேட்டு, நீ ஒரு நொடி சும்மா இருந்துவிட்டால் எனக்குத் தாங்காது.

ஞாயிற்றுக்கிழமை உன் சித்தப்பா வந்தார், தொட்டி மூடியைச் சரிசெய்து தரச் சொல்லி இரண்டு மாதமாகக் கெஞ்சினேன். சித்திக்குப் பல் பிடுங்கினார்களாம், வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது அண்ணி என்று அதையே நாலு தடவை சொல்லிச் சிரித்தார். பிறகு பேச்சு எங்கே சுற்றியும் இதில்தான் வந்து விழுந்தது. "அண்ணி, உங்க பொண்ணு அங்கே உட்கார்ந்துகிட்டு உலகமே சூடாகுதுங்குறா. ஒரு சிம்னி உலகத்தைச் சூடாக்குமா? அப்போ நான் குளிர்காலத்துல எதுக்குக் கம்பளி போர்த்திக்கிறேன்? பிளான்டை மூடினா என் பெல்ட்டும் நிக்கும், வீட்ல அடுப்பும் நிக்கும், அப்புறம் புகையே வராது, சந்தோஷமா?" என்றார். அவர் நிலக்கரி போகிற பெல்ட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை, பத்தொன்பது வருஷமாக அதுதான் அவர் சோறு, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நானும் விடவில்லை. முன்னே எல்லாம் கனத்த விரிப்பு காய மத்தியானம் மூன்று மணி ஆகும், இப்போது பதினோரு மணிக்கே அப்பளமாக நொறுங்குகிறது, இதுக்கு என்ன சொல்றீங்க என்றேன். "உங்களுக்கு லாபம்தானே, வெயிலுக்கு நன்றி சொல்லுங்க" என்றார். சிரித்துவிட்டேன், என்ன செய்வது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன் கட்டெறும்பே, சீக்கிரம் காய்வது வெயிலா, இல்லை நீ சொல்லிச் சொல்லி எனக்கு அப்படித் தோன்றுகிறதா என்று எனக்கே சந்தேகம். நீ சொல்கிற புகை கண்ணுக்குத் தெரியாதாம், வாசனை இல்லையாம், உலகம் முழுக்கப் பரவிக் கடலை ஏற்றுமாம். இருக்கட்டும், நீ படித்தவள். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற கருப்பையே இல்லை என்று சாதிக்கிறவர்கள், தெரியாததையா ஒத்துக்கொள்ளப் போகிறார்கள். உன் ஆட்களும் எங்கோ பனி உருகுவதை வைத்து ஒரு மணி நேரம் பேசுகிறார்கள், உங்கப்பா பேர் வரும்போது கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். திங்கட்கிழமைக் கொடிதான் இருக்கிறதிலேயே கருப்பு. ஞாயிற்றுக்கிழமை புகையைச் சோதிக்க யாரும் வருவதில்லை, அன்றைக்கு மின்நிலையம் இஷ்டத்துக்கு விடுகிறது. வருஷக்கணக்காக அப்படித்தான், என் துடைக்கிற துணிக்குத் தெரியும். ஆனால் அதை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் காட்ட ஒன்றும் இல்லை, ஒவ்வொரு நாளும் அந்தத் துணியையும் அலசிப் போட்டுவிடுகிறவள் நான். தட்டுத் துடைத்த காய்ந்த துணி எங்கே என்று நீ கேட்டாயே, முப்பதாம் நாள் சாயங்காலம் அதையும் துவைத்துவிட்டேன்.

இப்போது நான் உன்னிடம் சொல்லாததைச் சொல்கிறேன். நீ என்னைச் சந்தேகப்பட்ட அன்றைக்கே, போனை வைத்த கையோடு, பெட்டியில் இருந்த ஏழாவது தட்டை எடுத்துக்கொண்டு போய் அதே இடத்தில் வைத்தேன். யாருக்கும் ஆதாரம் காட்ட இல்லை, எனக்காக. முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் லேசாகச் சாம்பல் நிறம். நாலாம் நாளிலிருந்து என் கை படுகிற பாடு, உனக்கு எப்படிச் சொல்வேன், சொறி வந்தவள் மாதிரி. கொடி துடைக்கும்போது அந்தப் பக்கம் வந்ததும் துணியை இடது கைக்கு மாற்றிக்கொள்கிறேன், முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஒரு நாள் துணி தட்டு விளிம்பு வரைக்கும் போய்விட்டது, என் கையை நானே பிடித்து இழுத்தேன். மூடி மாட்ட மாடிக்கு வந்த உன் சித்தப்பா கண்ணில் அது பட்டது. என்ன அண்ணி இது என்று குனிந்தார். ஆள்காட்டி விரலால் ஒரு ஓரத்தில் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார், மறுபடி தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "ரோட்டு மண்ணுன்னா நறநறங்கும் அண்ணி. இது மாவு மாதிரி வழுக்குது. இது அடுப்புச் சாம்பலும் இல்ல, எங்க கொதிகலன் சாம்பல். இதை நான் தினம் பெல்ட்டுக்குப் பக்கத்துல கையில தொடுறேன், எனக்குத் தெரியாதா" என்றார். விரலைச் சட்டையில் துடைக்கவும் இல்லை, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணனோட சைக்கிள் கடை ரோட்டோரமா இருந்ததாலதான் அந்த இருமல்னு நினைச்சேன் என்று மட்டும் சொன்னார். படி இறங்கும்போது, நான் சொன்னேன்னு எங்கேயும் வாய் விடாதீங்க, எனக்கு இன்னும் ஏழு வருஷம் வேலை இருக்கு என்றார். அவர் சொன்னதை நான் புதன்கிழமை அங்கே சொல்ல மாட்டேன். உன்னையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இதை உன் மேலாளர் காதில் போட்டுவிடாதே, அவர் உன் சித்தப்பாவையும் ஒரு வெளியாளாக்கிவிடுவார்.

ஆனால் நான் என்ன சொல்லப் போகிறேன் என்பதை முடிவு செய்துவிட்டேன். பல்செட்டு கொடுத்த தாளில் கையெழுத்துப் போடவில்லை. உன் மேலாளர் சொன்னதையும் சொல்லப் போவதில்லை. எழுந்து நின்று, நான்தான் துடைத்தேன், முப்பது நாளும் துடைத்தேன், யாரும் சொல்லித் துடைக்கவில்லை, ஆறு தட்டுக் கணக்கும் செல்லாது என்றால் செல்லாமல் போகட்டும், மறுபடி முப்பது நாள் வையுங்கள், இந்தத் தடவை என் கையைக் கட்டிப் போட்டுக்கொள்கிறேன், அது முடியும் வரைக்கும் மூன்றாவது புகைபோக்கிக்கு ஒரு செங்கல் வைக்கக் கூடாது என்று சொல்வேன். சிரிப்பார்கள். மகளுக்காகப் புளுகுகிறாள் என்று ஒரு பக்கம் சொல்வார்கள், பைத்தியக்காரி எங்களைக் கெடுத்தாள் என்று உன் பக்கமே சொல்லும். உனக்கு வேலையில் கெட்ட பேர் வரும் என்று தெரியும். மறுபடி வைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்வார்களா, இல்லை அன்றைக்கே முத்திரை குத்தி அனுமதி கொடுத்துவிடுவார்களா, அதுவும் தெரியாது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது புதன்கிழமை போய் ஒரு வாரம் ஆகியிருக்கும். தெரிந்துதான் தபாலில் போடுகிறேன். போனில் சொன்னால் நீ வேண்டாம் என்பாய், உன் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன். கேமராக்காரர் வந்தால் வரட்டும், ஒரு தடவைகூட இரும மாட்டேன்.

நீ அங்கே ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்காதே, உங்கள் ஊரிலும் எங்கோ ஒரு புகைபோக்கி இருக்கத்தான் செய்யும். சூடாக ஏதாவது குடி. அந்தப் பச்சைக் கம்பளிச் சட்டையை வெந்நீரில் போடாதே, சுருங்கிவிடும், நூறு தடவை சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் சித்தப்பா பேச்சு இருக்கிற பக்கத்தை மட்டுமாவது கிழித்துப் போட்டுவிடு, குப்பையில் முழுசாகப் போடாதே, துண்டுதுண்டாகப் போடு. உன்மேல் எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது. நீ சந்தேகப்பட்டது தப்பில்லை, நானாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன், இப்போதெல்லாம் நான் யாரைத்தான் விடுகிறேன். நீ நீண்ட ஆயுசோடு, நல்ல காற்றோடு, யாருக்கும் பயப்படாமல் இருக்க வேண்டும். உங்கப்பா இருந்தால் அவரும் இதைத்தான் சொல்லி, கூடவே சைக்கிளுக்கு எண்ணெய் போட்டியா என்று கேட்பார்.

கடைசியாக ஒன்று, இதற்குத்தான் உண்மையில் பேனாவை எடுத்தேன், மூன்று பக்கம் வேறு எதையெதையோ எழுதிவிட்டேன். பதினோரு நாள் துடைக்காமல் விட்ட தட்டைப் பார்த்த பிறகு எனக்கு வேறு ஒரு வெள்ளை ஞாபகம் வந்தது. கடைசி மூன்று வருஷம் உங்கப்பா இருமும்போது கைக்குட்டையை வாயில் வைத்து, அதைப் பார்க்காமலே மடித்துப் பையில் போட்டுக்கொள்வார், ஆம்பிளைகள் எல்லாரும் அப்படித்தான். சாயங்காலம் அதைப் பிரித்துப் பார்த்தவள் நான். நடுவில் கருப்பாக, மை தொட்ட மாதிரி இருக்கும். சைக்கிள் கடைக்காரர் கை, எண்ணெய்க் கறை என்று நினைத்துச் சோடாவில் ஊறவைத்து, கொதிக்கவைத்து, காலையில் பளிச்சென்று மடித்து அவர் பையில் வைத்துவிடுவேன். மின்நிலையத்து இலவச ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் முதலில் சிகரெட் உண்டா என்று கேட்டார், வாழ்நாளில் தொட்டதில்லை என்று சொல்லியும் ஏதோ எழுதிக்கொண்டார், நெஞ்சைப் படம் எடுத்தார், அந்தப் படத்தை இன்று வரைக்கும் திருப்பித் தரவில்லை, காணோம் என்கிறார்கள், அது தனிக் கதை. அப்போது அவர், சளி கருப்பா வருதா என்றும் கேட்டார். உங்கப்பா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "கருப்பா? எங்க வீட்டுக் கைக்குட்டையை வந்து பாருங்க சார், உங்க கோட்டை விட வெள்ளையா இருக்கும்" என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். டாக்டர் வெறும் இருமல் என்று எழுதி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நாங்கள் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. நீ படித்தவள், காற்றையும் புகையையும் கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரிந்தவள், உன்னைத்தான் கேட்க முடியும். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கைக்குட்டையை நான் துவைக்காமல் அவர் முன்னால் விரித்துப் போட்டிருந்தால், உங்கப்பா இன்றைக்கு இருந்திருப்பாரா, கண்ணு?

இப்படிக்கு,
துடைத்த கையோடு,
உன் அம்மா